மலைக்கு மூன்றாம் நம்பர் போதும் என்றார்கள்

மயக்க மருந்து டாக்டர் என்றால் ஊசி போட்டுத் தூங்க வைப்பவள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தூங்க வைப்பதா பெரிய காரியம்? தூங்கியவரை மூச்சு விட வைப்பதுதான் என் பிழைப்பு. மயக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடும். அதனால் வாய் வழியாக மெத்தென்ற ஒரு மாஸ்க்கை இறக்கி, மூச்சுக்குழாயின் வாசலில் உட்கார வைப்போம். பெரிதாகப் போனால் தொண்டை புண்ணாகும். சிறிதாகப் போனால் ஓரத்தில் காற்று கசியும், நுரையீரலுக்குப் போக வேண்டியது போகாது. எடையைப் பார்த்து எடுக்கச் சொல்லி உறையிலேயே அச்சடித்திருப்பார்கள்: ஐம்பது கிலோவுக்குக் கீழே மூன்று, மேலே நான்கு.

ஜவ்வாது மலையில் வாரம் ஒருநாள் நான் போகும் சின்ன ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் நம்பர் மட்டுமே வரும். கீழேயிருந்து வாங்கி அனுப்பும் அலுவலகத்தில் கேட்டால், "மலைப் பொம்பளைங்க எல்லாம் ஒல்லி மேடம், மூணே போதும்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாமை மூட்டையைத் தலையில் வைத்து மலை ஏறி இறங்கும் பெண்கள் அவர்கள். ஒல்லிதான், குழந்தைகள் அல்ல. பசி சதையைத் தின்னும், தொண்டையைத் தின்னாது. மூன்றைப் போட்டுவிட்டு, காற்று புஸ்ஸென்று கசிய, ஆபரேஷன் முடியும்வரை தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

அன்றைக்கு வந்தவள் நெல்லிவாசல் பக்கத்துக் குக்கிராமத்துக்காரி. முப்பது வயது இருக்கும். மார்பில் கட்டி. கத்தி வைக்கலாமா என்று குடும்பமே அம்மனிடம் பூப் போட்டுக் கேட்டிருக்கிறது. அம்மன் உத்தரவு கொடுத்தது அந்த ஒரு புதன்கிழமைக்குத்தான். அன்றைக்கு விட்டால் அவள் திரும்பி வரமாட்டாள். அது என்ன கட்டி என்று தெரியாமலேயே மலைமேல் இருந்துவிடுவாள். எனக்கும் தெரியும், சர்ஜனுக்கும் தெரியும்.

எடை நாற்பத்திரண்டு. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அகலமான தாடை, நீண்ட கழுத்து. நான்குதான், சந்தேகமே இல்லை. பெட்டியில் வழக்கம்போல எல்லாம் மூன்று.

"நாப்பத்திரண்டு கிலோதானே, சார்ட்படி மூணுதான். அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்" என்றார் சர்ஜன். மதியம் கீழே அவருக்கு கிளினிக்.

"பிரிச்சுத் தைக்க இது ஜாக்கெட் இல்ல சார். இதை வெச்சு நான் மயக்கம் கொடுக்க மாட்டேன்."

"அப்போ அடுத்த வாரம் வரச் சொல்லுங்க."

அதற்கும் மாட்டேன் என்றேன். மூச்சுக்குழாய்க்குள்ளேயே குழாய் இறக்கும் வழி ஒன்று இருக்கிறது. அரை மணி நேர வேலைக்கு அத்தனை மருந்தும் இம்சையும் அவளுக்கு எதற்கு, சரியான நம்பரை வாங்கி வைக்காதது அவள் குற்றமா? வேலூரில் இருக்கும் தோழிக்குப் போன் செய்து, நான்காம் நம்பரை ஒடுகத்தூர் பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னேன். அங்கிருந்து மலையேறும் ஷேர் ஜீப்பில் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். சர்ஜன் பையைக் கையில் எடுத்தார்.

அவள் புருஷன் கையைப் பிசைந்தான். "இன்னா மேடம், காலைலயே செஞ்சிர்றோம்னு சொன்னீங்க. நேரம் தப்பிப் போச்சுனா அம்மன் கோவிச்சுக்குங்க. இருக்கறத வெச்சு செஞ்சிருங்க" என்று கெஞ்சினான். நான் கொஞ்சம் ஆடித்தான் போனேன்.

அவள்தான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். "நீ சும்மா இரு. அம்மன் இன்னிக்குனுதான் சொல்லுச்சு. காலைலனு சொல்லல." பிறகு சர்ஜன் பக்கம் திரும்பினாள். "நீங்களும் குந்துங்க சார். நான் சோறு தண்ணி இல்லாம குந்திக்கினு இருக்கேன், நீங்க இருக்க மாட்டீங்களா?"

சர்ஜன் பையைக் கீழே வைத்தார். அவளுக்கு டிரிப்ஸ் ஏற்றிவிட்டு மூன்று பேரும் காத்திருந்தோம், புருஷன் மட்டும் ரோட்டுக்கும் வார்டுக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

ஜீப் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நான்காம் நம்பர் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கழுத்தருகே காதை வைத்துக் கேட்டேன். ஒரு பொட்டுக் கசிவு இல்லை. நெஞ்சு அழகாக ஏறி இறங்கியது. எனக்குக் கர்வமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? கட்டி முழுசாக வந்தது. சோதனையில் அது சாதாரணக் கட்டி என்று பிறகு தெரிந்தது.

அவள் கண் திறந்ததும் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "எங்க அக்காளுக்கும் இதே எடத்துல கட்டி இருக்குதுங்க. அடுத்த வாரம் இட்டாந்துர்றேன். என்னைவிட ஒல்லி அவ" என்றாள்.

கை கழுவிக்கொண்டிருந்த சர்ஜன் திரும்பிப் பார்த்தார். "அவங்களுக்கும் நாலுதானே மேடம்? இப்பவே சொல்லி வெச்சிரலாமா?"

"ரெண்டு நம்பரும் இருக்கட்டும் சார். அவங்க வாயைப் பார்த்துட்டுச் சொல்றேன்."