பந்து வீசுகிறவர் பெயருக்குக் கீழே ஓர் எண்

அமெரிக்காவிலிருந்து என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர் பொய் சொன்னார்.

மன்னார்குடியில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த புதிது. அன்று காலை கூடத்து டிவியில் அமெரிக்கர்களின் பந்தாட்டமான பேஸ்பால் ஓடியது. அங்கே வாராவாரம் கிரவுண்டுக்கே போய்ப் பார்ப்பதாக மாப்பிள்ளை சொன்னார். பந்து வீசுகிறவர் பெயருக்குக் கீழே ஈ.ஆர்.ஏ. என்று ஓர் எண் வந்தது. அது என்னவென்று கேட்டேன்.

"பவுலரோட திறமைங்க. எவ்வளவு அதிகமோ அவ்வளவு கெட்டிக்காரன்."

நான் வேலையில்லாமல் ஒரு மாதமாக அதே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அடி வாங்க வாங்க அந்த எண் ஏறும். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை ஓட்டம் விட்டுக்கொடுத்தார் என்ற கணக்கு அது. நெல்லின் ஈரப்பதம் மாதிரி, குறைவாக இருந்தால்தான் நல்லது. டிவியில் அந்த எண் ஏறிப்போன ஒருவரை ஆட்டத்திலிருந்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அந்தக் கெட்டிக்காரனை ஏன் வெளிய அனுப்புறாங்க?"

"கை வலியா இருக்கும்ங்க."

அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். "வாயை மூடுடா. பந்து தெரியலைன்னா குடியா முழுகிடும்?"

"தெரியாட்டிப் போகட்டும்மா. வாராவாரம் பாக்குறேன்னு எதுக்குச் சொல்லணும்? வேலை, வீடுன்னு சொன்னது மட்டும் நெசமா?"

அந்தப் பேச்சை நம்பித்தான் தங்கை கடல் தாண்டப் போகிறாள். அங்கே போய்ப் பொய்யென்று தெரிந்தால் எந்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வருவாள்?

கூடத்தில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் டிவியை அணைத்தேன்.

"தட்டு மாத்துறதுக்கு முன்னாடி எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. அங்க நெசமாவே என்ன வேலை பாக்குறீங்க?"