ரீவொர்க்குக்குப் போன அப்பா

இன்று அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரகடத்துக் கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

பழுப்பு நிறச் சொட்டு மருந்தோடு வந்த நர்ஸிடம், "இது எதுக்கும்மா?" என்றார்.

"கண்ணு மேல கீற கிருமி சாவறதுக்கு சார்."

"எங்க லைன்லயும் இப்படித்தான். பெயின்ட்ல ஒரு தூசி இருந்தாலும், மறுபடி தேய்ச்சு அடிக்கச் சொல்லி வண்டிய ரீவொர்க்குக்குத் திருப்பிடுவேன்."

நர்ஸ் அவர் நெற்றியைப் பார்த்தார். சோப்புப் போட்டு முகம் கழுவச் சொன்னதும் ஒழுங்காகக் கழுவியவர், பழக்கதோஷத்தில் பட்டையாக விபூதியும் பூசியிருந்தார்.

"திரும்பக் கழுவிக்கினு வாங்க சார். அப்புறம்தான் மருந்து."

வாஷ்பேசினில் குனிந்தபடி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எத்தினி வண்டிய ரீவொர்க்குக்கு அனுப்பியிருப்பேன். இன்னிக்கு அந்தப் பொண்ணு என்னையே அனுப்பிடுச்சு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு கண்ணில் கட்டோடு, வார்டுச் சுவரில் பெயின்ட் வழிந்திருப்பதைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

நாளை கட்டைப் பிரித்ததும் எங்கள் வீட்டுச் சுவர்களை யார் காப்பாற்றுவது, சொல்லுங்கள்.