ஒல்லாந்தர் கரையேறிய ஊர்

1986 மார்கழி. வெள்ளிக்கிழமை விடிய நாலரைக்கு மஸ்கட் ரூவியில் இருந்து புறப்பட்டோம். வாடகைப் பிக்கப், போக வர முப்பது ரியால். ஓட்டியவன் மாரிமுத்து, பரமக்குடிப் பக்கத்தான், எங்கள் கம்பனி டிரைவர். போகுமிடம் ஓமானின் கிழக்குக் கரையில் அஷ்கராவுக்கு அப்பால், முன்னூறு கிலோமீட்டருக்கும் மேல்.

"லீவு நாள்ல தூங்காம, செத்துப்போன வெள்ளைக்காரனைத் தேடி யாராச்சும் போவாங்களா அண்ணே?" என்றான்.

முன்னொரு காலத்தில் ஒல்லாந்தரின், அதுதான் டச்சுக்காரரின், கப்பலொன்று அந்தக் கரையில் உடைந்ததாம். தப்பியவர்கள் கரையேறி மஸ்கட் வரை நடந்தார்களாம். ரூவி தேநீர்க் கடையில் கேட்ட கதை. யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டி எங்களை ஆட்டிப்படைத்தவர்கள் இங்கே கோவணத்துக்கும் வழியில்லாமல் வந்து சேர்ந்தார்கள் என்றால் பார்க்கத்தானே வேண்டும்! எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன்.

ஏழு மணிக்கு இப்ராவில் பராட்டாவும் தேநீரும். அங்கேதான் மாரிமுத்துவிடம் உண்மையைச் சொன்னேன். என் அண்ணர் போன வருஷம் யாழ்ப்பாணத்தில் இருந்து ராமேஸ்வரத்துக்கு வள்ளத்தில் வெளிக்கிட்டவர். வள்ளம் போய்ச் சேரவில்லை. ஆளும் இல்லை, உடலும் இல்லை. செத்ததாக வைத்து அந்தியேட்டிக் கிரியை செய்து முடி என்று சொந்தக்காரர் அண்ணியை அரிக்கிறார்கள். அண்ணியோ, "நீங்கள் சொல்லுங்கோ தம்பி, அதின்படி செய்யிறன்" என்று என் தலையில் போட்டுவிட்டா. கடல் கொண்டுவந்து போட்ட ஆட்களைக் கரையிலுள்ளவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

மாரிமுத்து பராட்டாவைப் பாதியில் வைத்துவிட்டான். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? யல்லா, கிளம்புங்க." அதற்குப் பிறகு வழியில் ஒரு கேலி இல்லை.

தார் ரோடு முடிந்து, மணலில் புதைந்து எழும்பி, ஒரு மணியளவில் அந்த மீனவர் ஊர் வந்தது. ஜும்மா தொழுது வந்த சாலிம் என்பவர், என் வயதுதான் இருக்கும், எங்களைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். பேரீச்சம்பழம், காவா என்கிற அரபிக் கோப்பி, பிறகு சோறும் சுறாக் கருவாடும். கை கழுவும் வரை, என்ன அலுவலாய் வந்தீர்கள் என்று அந்த மனுஷன் கேட்கவில்லை. கேட்டபோது மாரிமுத்து தன் கேம்ப் அரபியில் அண்ணர் கதையையும் சேர்த்தே கொட்டிவிட்டான்.

சாலிம் எழும்பி எங்களை இடுகாட்டுக்குக் கூட்டிப்போனார். ஊராரின் கல்லறைகளுக்குச் சற்றுத் தள்ளி, தலைமாட்டில் கல், கால்மாட்டில் கல், இடையில் மணல். பெயரேதும் இல்லை. கரையேறி மறுபடி எழும்பாதவர்களைக் குளிப்பாட்டி, துணி சுற்றி அடக்கியதாக ஊரில் சொல்வார்களாம். பார்க்க நெஞ்சுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

"தப்பினவங்கள்? அவங்கட அடையாளம் ஏதும்?" என்று கேட்டேன்.

"மாஃபி" என்று கையை விரித்தார் சாலிம்.

மாரிமுத்து மொழிபெயர்த்தான்: "தண்ணி குடிச்சாங்களாம், சாப்பிட்டாங்களாம், நடந்து போயிட்டாங்களாம். கல்லு வச்சது செத்தவங்களுக்கு மட்டுந்தானாம்." பிறகு தயங்கினான். "உங்க அண்ணன் உடம்பை யாராச்சும் பார்த்தாங்களான்னு கேக்குறாரு."

"இல்லை" என்றேன்.

சாலிம் ஏதோ சொல்லிக்கொண்டு என் தோளில் கையை வைத்தார். "அப்புறம் எதுக்கு இவர் கல்லைத் தேடி வந்தாருன்னு கேக்குறாருண்ணே" என்றான் மாரிமுத்து.

அண்ணர் போனதிலிருந்து அழாத அழுகையெல்லாம் அந்த மணலில் குந்தியிருந்து அழுதேன்.

நாலு மணிக்குத் திரும்பினோம். பாக்கு நீரிணை விழுங்கியவர்களுக்கும் கல் இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. திரும்பும் வழி முழுக்க அதையும் யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

மறுநாள் டியூட்டிக்குப் போக முன்பு அண்ணிக்கு எழுதிப் போட்டேன்: "ஒருத்தரும் காணாத சாவுக்கு நாங்கள் ஏன் கிரியை செய்யவேணும்? பொட்டை அழிக்காதேங்கோ. ஆர் கேட்டாலும் நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ."