அம்மா வந்தால் சொல்லிக்கொள்ளலாம்

கனகவல்லிக்குத் தலைப்பிரசவம் அம்மா வீட்டில் நடக்கவில்லை. வேற்றுச் சாதிக் கொத்தனார் அப்பாதுரையைக் கட்டிக்கொண்டு வந்தவளுக்கு அனகாபுத்தூரில் ஏது அம்மா வீடு? எண்பத்தாறாம் வருஷம் அது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தையைப் பெற்றுக்கொண்டு, பீர்க்கன்கரணை ஏரியோரத்து ஒற்றை அறைக்குத் திரும்பியபோது ஆரத்தி எடுக்க ஒரு நாதி இல்லை.

சேதி சொல்லி அனுப்பியிருந்தாள். என்ன கோபமிருந்தாலும் பேத்தி முகம் பார்க்க அம்மா வந்துவிடுவாள் என்று நம்பினாள். பாவிப் பெண், அந்த நம்பிக்கைதான் அவளைக் கொல்லப் பார்த்தது.

மறுநாளே உதிரம் கூடிவிட்டது. துணி மாற்றி மாளவில்லை. அடுத்த தெரு எல்லம்மா எட்டிப் பார்த்தாள்.

"ரத்தம் ரொம்ப போவுதுக்கா."

"பயந்துக்காதே கனகு. கெட்ட ரத்தம், போனாத்தான் வயிறு சுத்தமாவும்."

எல்லம்மா வஞ்சகமில்லாதவள். அங்கே எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். எவ்வளவு போகிறது என்று எல்லம்மாவுக்கு எப்படித் தெரியும்? தீட்டுத் துணியை யார் கண்ணிலும் படாமல் தானே கசக்கி, வேலிக்குப் பின்னால் காயப்போடுவதல்லவா வழக்கம்! புருஷனிடம் இதை எந்த வாயால் சொல்வது? அம்மா வந்தால் சொல்லிக்கொள்ளலாம். தலை கிறுகிறுத்தபோதும் அதையே நினைத்துக்கொண்டு துவைத்தாள் கனகவல்லி.

சாயங்காலம் வேலை விட்டு வந்த அப்பாதுரை, அறையில் குழந்தை தனியே வீறிடுவதைக் கண்டு, அவளைத் தேடிப் பின்பக்கம் ஓடினான். துவைக்கிற கல்லருகே கிடந்தாள். வாளித் தண்ணீர் முழுக்கச் சிவப்பு.

"அடிப்பாவி, என்னாண்ட சொல்லக் கூடாதா?" என்று கத்திக்கொண்டே ஆட்டோவுக்கு ஓடினான்.

நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியிருந்ததாம். டாக்டரம்மா அதை எடுத்து, ரத்தம் ஏற்றி, அவனைக் கிழி கிழியென்று கிழித்தார். உயிர் தப்பிவிட்டது. மறுநாள் அவனே அனகாபுத்தூருக்குப் போனான். தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தான்.

"அம்மா இன்னா சொல்லிச்சு?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"மறைக்காதய்யா."

"பொழச்சிகிச்சான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அப்ப நான் எதுக்குன்னு திரும்பி உள்ள பூட்டாங்க."

கனகவல்லிக்கு உலகத்தில் தனக்கென்று யாருமில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"செத்திருந்தா வந்திருக்கும், இல்ல?" என்றாள்.

அப்பாதுரை குழந்தையைத் தூக்கி அவள் பக்கத்தில் கிடத்தினான்.