பதினாறு தாத்தன்களும் ஒரு சின்னம்மாவும்

சியாந்தார் ஊரில் மாருலாக் சித்தின்ஜாக்கைத் தெரியாதவன் வண்டியே ஓட்டாதவனாகத்தான் இருக்க வேண்டும். சாலையோரம் பஞ்சர் ஒட்டத் தொடங்கிய மனிதர், இன்று மூன்று டயர் கடைக்கு முதலாளி. பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள்தான் ஒதுங்கினார். ஆனால் தன் குலத்தின் பதினாறு தலைமுறையையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். எங்கள் பத்தாக் இனத்து ஆண்பிள்ளை என்றால் அப்படித்தான். பட்டம் வாங்கியவன் எவனாவது அவரோடு போட்டிக்கு வரட்டுமே!

மூத்த மகள் ரொத்துவாவுக்கு முப்பத்தாறு வயதில் மார்பில் புற்றுநோய் வந்து, அறுவையும் முடிந்தது. அது குடும்ப ரத்தத்தில் வருவதா என்று தெரிந்தால்தான் மறு மார்பை என்ன செய்வது, தங்கை லஸ்மாவை எப்படிக் காப்பது என்று முடிவெடுக்கலாம். மேடான் ஆஸ்பத்திரியிலிருந்து ஜகார்த்தாவுக்குச் சோதனைக்குப் போகும் ரத்தக் குப்பிகளோ கொஞ்சம். குடும்பத்தில் நோய் வந்த கதை தெளிவாக உள்ளவர்களுக்கே முதலிடம்.

மரபணு ஆலோசகர் ஒரு சின்னப் பெண். “உங்க குடும்பத்தப் பத்திச் சொல்லுங்க ஐயா” என்றாள். இது போதாதா? மாருலாக் நெஞ்சை நிமிர்த்திப் பதினாறு தாத்தன்களையும் வரிசையாக இறக்கினார்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “இதுல ஒரு பொம்பளகூட இல்லையே?”

“குலவரிசையில பொம்பளைக்கு என்னம்மா வேலை?”

“அப்ப நீங்கள்லாம் தானா முளைச்சீங்களாப்பா?” என்றாள் ரொத்துவா.

“சும்மா இரு. இது உங்க அம்மா வழிதான். எங்க பக்கத்துலேர்ந்து தைரியம் மட்டும்தான் வரும்.”

“அப்பா வழியாவும் வரும் ஐயா.”

“எவ்வளவு பணம்னு சொல்லு, கட்டிடுறேன்.”

“பணமில்ல ஐயா, குப்பிதான் கொஞ்சம். வரிசையில முந்த நோய் வந்த கதை வேணும்.”

மாருலாக்குக்குச் சுருக்கென்றது. இவளை ஓர் அதட்டு அதட்ட, நாங்கள் எல்லோரும் முதலில் கேட்பதைக் கேட்டார். “நீ எந்தக் குலம்?”

“சகாலா.”

அவருடைய அம்மாவின் குலம். குரல் கொஞ்சம் இறங்கியது. “எத்தனாவது தலைமுறை?”

சொன்னாள். அவர் விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். முகம் காற்றுப் போன டயரானது. அவர் அம்மாவும் அதே தலைமுறை; முறைப்படி அவள் அவர் அம்மாவுக்குத் தங்கை!

ரொத்துவா தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அப்பா, எந்திரிங்க! சின்னம்மா முன்னாடி உக்காந்திருக்கீங்க.”

அம்மா பிறந்த மாமன் குலத்தை மதிக்காதவனுக்கு எங்களில் சோறு இறங்காது. அறுபத்தெட்டு வயது மனிதர் எழுந்து நின்றார்.

“சரி மகனே, எங்க அக்கா எதுல செத்தாங்க?” என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“உடம்புல காத்து புகுந்துருச்சுன்னாங்க, சின்னம்மா.”

“அவங்க கூடப் பொறந்தவங்க?”

“அதுவும்… காத்துதான்.”

“காத்து போதாது. போய் விசாரிச்சுட்டு வாங்க. ஆம்பளைங்ககிட்ட வேணாம்.”

அந்தச் சனிக்கிழமை அம்மாவின் ஊரில் கல்யாண விருந்து. எந்தக் குலத்துக்குப் பன்றியின் எந்தத் துண்டு என்று ஆண்கள் பாயில் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாதத்தில் மாருலாக் தோற்றதே கிடையாது. அன்றைக்குத் தன் துண்டை அப்படியே விட்டுவிட்டுச் சமையல் கொட்டகைக்குள் போய், வெங்காயத் தோலுக்கு நடுவே குந்தினார். பெண்கள் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“என்ன மருமகனே, முன்னாடி பங்கு குடுக்கலையா?” என்றாள் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாமி.

“எங்கம்மா எதுல செத்தாங்க மாமி?”

“வயித்துல கட்டி. ஊதிப் போச்சு. உன் பெரியம்மாவுக்கு மார்ல புண்ணு. உங்கம்மாவோட கடைசித் தங்கச்சிக்கும் அதேதான். ஆம்பளைங்ககிட்ட காத்துன்னு சொல்லி வெச்சோம்.”

“என்கிட்டகூட ஏன் சொல்லல?”

“நீ எங்க கேட்டே? வர்றப்பல்லாம் பதினாறு தாத்தனையும் கூட்டிட்டு வருவே. எங்களுக்குப் பேச எடம் ஏது?”

மார்ப் புண்ணும் அடிவயிற்றுக் கட்டியும் ஒரே ரத்த வழியில் வருமாம்; அந்தக் கதையால் குப்பி ஜகார்த்தாவுக்குப் போனது. ரொத்துவாவுக்கு ரத்தத்தில் வந்ததுதான் என்று முடிவு வந்தது. பிறகு சோதித்ததில் மாருலாக்கின் ரத்தத்திலும் அதுவே இருந்தது. மறு மார்பையும் எடுத்துவிடச் சொல்லி ரொத்துவா அன்றே நாள் குறித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மனைவி தியோலினா முன்னால் நின்றார். “உன் பக்கமில்ல. என் வழியாத்தான் வந்திருக்கு.”

தியோலினா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. “தைரியம் மட்டும்தான் வரும்னு சொன்னீங்களாமே?” என்றாள். அடுத்த கீரைக் கட்டை எடுத்துக்கொண்டே, “லஸ்மாவ நீங்களே கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

அப்படியே போனார். உள்ளே லஸ்மா ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்க, வெளியே பெஞ்சில் அவர் மூன்று முறை இடம் மாறி உட்கார்ந்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினார். “எங்கம்மா வயித்துல. பெரியம்மா மார்ல. கடைசிச் சின்னம்மா மார்ல. அத்தனையும் எனக்கு மனப்பாடம். உங்க அத்தை எதுல செத்தாங்க, சொல்லுங்க பாப்போம்?”

பக்கத்திலிருந்தவர் தலையைச் சொறிந்தார்.

“தெரியாதா?” மாருலாக் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். “அடுப்படியில போய்க் கேளுங்க.”