கனகாம்பிகையின் எருமைக் காசு

களவெடுத்தாளாம், நல்ல கதை! அமெரிக்க ஐந்து சதத்தை லண்டனில் எந்தக் கள்ளன் களவெடுப்பான்? அதை இல்ஃபோர்டில் எந்தக் கடையில் நீட்டினாலும் ஒரு கட்டுக் கறிவேப்பிலை தரமாட்டார்கள். பாங்கில் கொடுத்தால் நோட்டை மட்டும் மாற்றிவிட்டுச் சில்லறையைத் திருப்பித் தள்ளுவார்கள். ஹோட்டலில் அறை துடைத்த கனகாம்பிகை வெள்ளைக்காரரின் பெட்டியைக் கிண்டித்தான் நாணயம் சேர்த்தாள் என்று செவன் கிங்ஸில் கதை கட்டினார்கள். அறையைக் காலி செய்பவர்கள் சாம்பல் கிண்ணத்தில் விட்டுப்போகும் சில்லறை துடைப்பவளுக்குத்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாயை மூடியிருப்பார்களா? கோயிலில் பஞ்சாமிர்தத்துக்கு வரிசையில் நிற்கும்போது வேறு என்ன வேலை?

எண்பத்துநாலில் யாழ்ப்பாணத்திலிருந்து முப்பது வயதில் வந்தவள் கனகாம்பிகை. வந்து இறங்கியது செவன் கிங்ஸில் அண்ணன் குலசேகரத்தின் வீட்டில். குலசேகரம் கவுன்சிலில் கிளார்க். நடையில் மட்டும் மந்திரி. இஸ்திரிப் பலகையும் உடைந்த சூட்கேஸ்களும் கிடந்த சின்ன அறையை அவளுக்குக் கொடுத்தார். சம்பள உறையை வெள்ளிக்கிழமைதோறும் அவரே வாங்கிக்கொண்டார். "உன்ரை கலியாணத்துக்குத்தான் பிள்ளை சேர்க்கிறன்" என்றார். அந்தக் கலியாணக் காசில் சமையலறை பின்பக்கம் பன்னிரண்டு அடி வளர்ந்தது.

உறையோடு அவள் கொண்டுவந்து வைத்த அமெரிக்கச் சில்லறையை மட்டும் அவர் விரலால் சுண்டித் திருப்பிவிட்டார். "உந்தக் குப்பையை நீயே வைச்சிரு." அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஒரு பிஸ்கட் டின்னும் அதற்குள் கிடந்த அந்தக் குப்பையும்தான்.

சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் ஆற்றங்கரைப் பக்கம் கூடும் நாணயச் சந்தைக்குப் போகத் தொடங்கினாள். அங்கே ஹார்ப்பர் என்றொரு வியாபாரி, மூக்கு நுனியில் கண்ணாடி, வாய் நிறைய இனிப்பு. ஒரு பக்கம் எருமை பொறித்த பழைய அமெரிக்க ஐந்து சதம் ஒன்றை அவளிடம் இருபது பென்ஸுக்கு வாங்கினார். அடுத்த சனி அதே காசு கண்ணாடிப் பெட்டிக்குள் பதினைந்து பவுணுக்கு உட்கார்ந்திருந்தது. வேறொருத்தியாக இருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பாள். கனகாம்பிகை அந்தப் பெட்டியின் முன்னால் ஒரு மணித்தியாலம் அசையாமல் நின்றாள். பக்கத்திலே ஒரு பவுணுக்கு இன்னொன்று இருந்தது. அதே வருஷம், அதே எருமை. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

எழுத்திலே இருந்தது சங்கதி. எருமையின் காலடியில், விலை எழுதிய வரிக்குக் கீழே, எள்ளளவில் ஓர் எழுத்து. டி என்றால் டென்வரில் அடித்தது. எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ. எழுத்தே இல்லாவிட்டால் பிலடெல்பியா. எந்த ஊரில் எந்த வருஷம் குறைய அடித்தார்களோ அதற்குத்தான் மவுசு. பிறகு கோலம் பார்ப்பார்கள். எருமையின் கொம்பு முழுதாகத் தெரிகிறதா, மறுபக்கத்துச் செவ்விந்தியனின் தோளில் வருஷம் தேயாமல் நிற்கிறதா என்று. கடைசியாகத் தோல். ஐம்பது அறுபது வருஷத்தில் தானாகப் படிந்த புகை நிறம் அப்படியே இருக்க வேண்டும். உரசித் துலக்கியிருந்தால் வாங்க வருபவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு போய்விடுவார். இவ்வளவையும் ஹார்ப்பர் சொல்லித் தரவில்லை. பேரம் பேசுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று அவளாகப் பொறுக்கியது.

ஏழு வருஷம் நின்றாள். தொண்ணூற்றிரண்டு மாசியில் ஹார்ப்பரின் பத்துப் பென்ஸ் தட்டைக் கிளறும்போது ஓர் எருமைக் காசு அகப்பட்டது. 1926. கொம்பு முழுசு. காலடியில் அழுக்கு அப்பியிருந்தது. அந்த அழுக்குக்குள் எஸ். அந்த வருஷத்து எஸ் எவ்வளவு அருமையென்று அவளுக்குத் தெரியும். முகத்தை ஒரு பாட்டம் சுருக்கி, "எட்டுப் பென்ஸுக்குத் தாருங்கோ" என்று பேரம்கூடப் பேசினாள். ஹார்ப்பர் தரவில்லை. பத்தை எண்ணிக் கொடுத்து, நாலு கடை தள்ளிப் போய், அமெரிக்கக் காசு மட்டும் வாங்கும் ஒருவரிடம் காட்டினாள். அவர் உருப்பெருக்கியை இரண்டு தரம் துடைத்துப் பார்த்தார். மாசக் கடைசிச் சனிக்கிழமை காசோடு வருவதாகச் சொன்னார். அவர் சொன்ன விலையில் ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடைக்கு மேலே ஓர் அறைக்கு முற்பணமும் மூன்று மாச வாடகையும் கட்டலாம். காசைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, பலசரக்குக் கடைக்காரரிடம் அறைக்குச் சொல்லியும் வைத்துவிட்டாள்.

இங்கே குலசேகரம் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பாலேந்திரா என்று இரண்டு பெற்றோல் ஷெட் வைத்திருக்கும் மனிதர், மனைவியை இழந்தவர், ஐம்பது வயது. சமைக்க ஆள் வேண்டும். டின்னில் பழங்காசு இருக்கிறது, அதற்கு விலை இருக்கிறது என்று யாரோ குலசேகரத்தின் காதில் போட, "தங்கச்சியிட்டை அந்தக் காலத்து அன்ரீக் காசு கனக்கக் கிடக்கு" என்று அதையும் சீதனத்தில் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

பெண் பார்க்க வந்தது அந்தக் கடைசிச் சனிக்கு முந்திய சனி. காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தவளைக் கதவடியிலேயே பிடித்து, அண்ணன் மனைவி தவநாயகி சேலை சுற்றிவிட்டாள். ஹாலில் பாலேந்திராவும் அவருடைய அக்கா ராஜலட்சுமியும் பல்லு முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்த ஊர்?" என்றாள் ராஜலட்சுமி.

"அளவெட்டி" என்றார் குலசேகரம்.

"அளவெட்டியிலை எந்தப் பக்கம்?"

"கோயிலுக்குக் கிழக்கை."

"கிழக்கையோ…" ராஜலட்சுமி முறுக்கை நிறுத்தி யோசித்தாள். கனகாம்பிகைக்குச் சிரிப்பு முட்டியது. காசைப் புரட்டி எழுத்தைத் தேடுகிறவர்களின் முகம் அவளுக்குத் தெரியாததா?

"வயது?"

"முப்பத்திரண்டு முடியுது." அது ஆறு வருஷமாக முடிந்துகொண்டேயிருந்தது.

அப்போதுதான் தவநாயகி தட்டோடு வந்தாள். வெற்றிலை பரப்பி, அதன்மேல் வரிசையாகக் காசு. ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தனப் பொட்டு வேறு.

கனகாம்பிகை எழும்பிவந்து நடுவில் கிடந்த எருமையை எடுத்துப் பொட்டைத் துடைத்தாள். "அண்ணை, இதுக்கு என்ன செய்தனீங்கள்?"

"முதல் பழப்புளி, பிறகு பித்தளை துலக்கிற பிராசோ" என்றார் குலசேகரம் பெருமையாக. "நானும் உன்ரை மச்சாளும் விடியவிருந்து. குத்துவிளக்குக்கூட இப்பிடி வராது. கை நோகுது பிள்ளை."

அவள் காசை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தோல் போய்விட்டது. நுண்ணிய கீறல்கள் வலைபோலப் பரவியிருந்தன. அறை, மூன்று மாச வாடகை எல்லாம் பிராசோத் துணியில் ஒட்டிக்கொண்டு போயிருந்தன.

"வடிவா மினுங்குதே, பேந்தென்ன?" என்றாள் ராஜலட்சுமி.

"மினுங்கினதுதான் பிழை. நேற்றுப் பெற்ற விலை இண்டைக்குப் பெறாது."

அதுவரை வாய் திறக்காத பாலேந்திரா நிமிர்ந்தார். "அப்ப இப்ப எவ்வளவு பெறும்?"

அந்த மனிதர் அன்று கேட்ட ஒரே கேள்வி அதுதான். கனகாம்பிகை அவரை நேராகப் பார்த்தாள். "பாதியும் வராது. என்ரை வயதையும் இவை இப்பிடித்தான் மினுக்கினவை. எனக்கு முப்பத்தெட்டு."

ராஜலட்சுமி எழும்பினாள். பாலேந்திரா எழும்ப முன்னர் கையிலிருந்த முறுக்கைத் தின்று முடித்தார்.

"என்ரை மானத்தை வித்துப்போட்டாய்!" என்று குலசேகரம் ஒரு கிழமை முழுக்கக் கத்தினார். தவநாயகி கோயிலுக்குப் போய்க் களவுக் கதையை நட்டுவிட்டு வந்தாள். சீதனமாகக் கொடுக்க வைத்திருந்தவரைக்கும் அது நல்ல காசு. சம்பந்தம் குழம்பியதும் களவுக் காசு!

மற்றச் சனிக்கிழமை அமெரிக்கக் காசு வாங்குகிறவர் உருப்பெருக்கியை வைத்ததும் வயிற்றில் உதைபட்டவர்போல முனகினார். துலக்கியவனைக் கெட்ட வார்த்தையில் ஏசினார். கனகாம்பிகை அண்ணனுக்காகப் பரிந்து பேசவில்லை. ஆனால், காசைப் புரட்டி எழுத்தைக் காட்டினாள். எத்தனை புளி போட்டாலும் எஸ் எஸ்தானே? 1926 இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்ததை செவன் கிங்ஸில் அழிக்க முடியுமா? அவர் வாங்கினார். சொன்ன விலையில் மூன்றிலொன்றுக்கு. முற்பணத்துக்கும் ஒரு மாச வாடகைக்கும் போதுமாக இருந்தது. அதற்கு மேலே தேத்தண்ணி கொதிக்க வைக்க ஒரு கேத்தில் வாங்கவும் மிச்சமில்லை. அடுத்த சம்பள உறை தன் கையில் வரும், கேத்தில் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் ஞாயிறு, பகல் பதினொரு மணி. ஒரு சூட்கேஸோடு கீழே இறங்கினாள். ஹாலில் குலசேகரம் பத்திரிகைக்குப் பின்னால் இருந்தார்.

"போறன் அண்ணை."

"ஆர் உனக்குச் சோறு போடுவினம்?"

"இஞ்சை ஆர் சமைச்சது?"

பத்திரிகை அசையவில்லை. "போறதெண்டால் பின்பக்கத்தாலை போ. சனம் பார்க்கும்."

"பார்க்கட்டும். நான் என்ன ஒளிச்சோ போறன்?"

முன்கதவை அகலத் திறந்தாள். பங்குனிக் குளிர் ஹாலுக்குள் பாய்ந்து பத்திரிகையை மடக்கியது. அவள் படியிறங்கி, சூட்கேஸை இழுத்துக்கொண்டு, 86ஆம் நம்பர் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.

"கதவைச் சாத்தடி, ஹீட்டிங் எல்லாம் போகுது!" என்று குலசேகரம் கத்தினார்.

அவள் திரும்பவில்லை. எட்டு வருஷத்தில் முதல்தடவையாக அவர் எழும்பிவந்து தானே கதவைச் சாத்த வேண்டியிருந்தது.