மெயில் போடாதவர்

உப்பளம் என்கிற பேட்டையில், ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஒரே சேமிப்புக் கிடங்காக ஆக்கும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தோம். கிடங்குக்கு இஷ்டப்பட்ட பெயர் வைத்துக்கொள்ள அதில் ஒரு வசதி இருந்தது. எங்களுக்கு அது ஓயாத தலைவலி. அதைப் பற்றி, மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் ஒருவரும் எங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. யாருக்கும் வேண்டாம் போல என்று, எடுத்துவிடப்போவதாக அறிவித்தேன்.

மறுநாள் எங்கள் ஊர்க் கதிர்காமத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒரு கல்லூரியில் எங்கள் மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். சட்டைப்பையில் வெள்ளை ஸ்டிக்கர் கட்டு. பேசிக்கொண்டே, கேட்காமலே, எங்கள் வயர்களுக்கெல்லாம் பெயரெழுதி ஒட்டினார்.

"அதே மிஷினுங்கள்லயே ரெண்டு கிடங்கு வெச்சிருக்கேன் சார். ஒண்ணு பசங்க பழக, இன்னொண்ணு நெஜம். ரெண்டுக்கும் ஒரே பேராச்சுன்னா, பழகுறதை அழிக்கப் போயி நெஜத்தை அழிச்சிடுவோம்."

"இத்தனை நாளா ஒரு மெயில்கூட போடலியே?" என்று எரிந்து விழுந்தேன்.

"நல்லா ஓடுதே சார், எதுக்குப் போடணும்?"

அவரே தொடர்ந்தார்: "எடுங்க சார், வேணாங்கல. நாங்க ரெண்டையும் தனித்தனி மிஷினுக்குப் பிரிச்சு, இந்தப் பேரை விட்டு வெளிய வர்றதுக்கு ஒரு வழி எழுதிக் குடுத்துட்டு எடுங்க."

மூன்று நாள் சேர்ந்து உட்கார்ந்தோம். பழகும் கிடங்கில் செய்து பார்த்து, பிறகு நிஜத்தில் செய்து, அந்த வழியை ஒரு பக்கத்தில் எழுதினோம். ஒரு ஃபைல்கூடத் தொலையவில்லை.

அதன்பிறகே வசதியை எடுத்தேன். அவரிடமிருந்து இன்றுவரை ஒரு மெயிலும் இல்லை.

நல்லா ஓடுது போல.